தாராவியில் ஒரு வைக்கோல் வண்டி

மும்பை தாராவியில், 90 அடி சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்து. எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அந்தச் சந்தின் கடைசியில் பத்தடிக்குப் பன்னிரண்டடியில் ஒரு வீடு. சுவரில் திருச்செந்தூர் முருகன் படம். பக்கத்தில் காலஞ்சென்ற தாயாரின் படம். அதற்கும் பக்கத்தில் ஓர் ஆறு ஓடிக்கொண்டிருக்கிறது!

ஆம், ஆறுதான். ஆற்றின் நடுவே தண்ணீருக்குள் ஒரு வண்டி. அதை இழுக்கும் குதிரைகள். அந்தக் கரையில் ஓர் ஓட்டு வீடு. இந்தக் கரையில் ஒரு நாய். தொலைவில் வெயில் விழும் புல்வெளி. மேலே, மழை வருமா வராதா என்று சொல்ல முடியாத வானம்.

இங்கிலாந்து நாட்டு ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1821-ல் தீட்டிய "வைக்கோல் வண்டி" என்னும் புகழ்பெற்ற தைல வண்ண ஓவியத்தின் நகல் அது. நகல் எடுத்தவர் கலைப்பள்ளியில் படித்தவர் அல்ல. முப்பது ஆண்டுகள் கடைகளுக்குப் போர்டு எழுதிப் பிழைத்தவர்.

பெயர் வேண்டாம் என்கிறார். "போர்டு அண்ணாச்சி வீடு எது?" என்று கேட்டால் அந்தச் சந்தில் சின்னப் பிள்ளையும் கையைப் பிடித்துக் கூட்டிப் போகும்.

பிளெக்ஸ் வந்தது, பிரஷ் போனது

திருநெல்வேலி மாவட்டத்தில் தாமிரபரணித் தண்ணீர் பாயும் ஒரு சிற்றூர் அண்ணாச்சிக்குச் சொந்த ஊர். 1974-ல், தம் 17-வது வயதில், அன்றைய பம்பாய்க்கு ரயிலேறினார். அக்கா கலியாணத்துக்காகத் தாயார் வயலை அடமானம் வைத்திருந்தார். அதை மீட்பதற்குச் சம்பாதிக்க வந்த பையன் அவர்.

முதலில் சினிமா பேனர் எழுதும் இடத்தில் எடுபிடி வேலை. கட்டம் போட்டுச் சின்னப் படத்தைப் பெரிதாக்கும் வித்தையை அங்கேதான் கற்றார். பிறகு தனியாகப் போர்டு எழுதினார். தமிழ், இந்தி, மராத்தி, ஆங்கிலம் என நான்கு மொழி எழுத்தும் அவர் கைக்குப் பழக்கம். மளிகைக் கடை, சலூன், இட்லிக் கடை, டாக்டர் வீடு என்று தாராவியிலும் சயானிலும் அவர் எழுதிய போர்டுகள் நூற்றுக்கணக்கில் தொங்கின.

2000-க்குப் பிறகு பிளெக்ஸ் வந்தது. அண்ணாச்சிக்கு இரண்டு நாள் பிடிக்கும் வேலையை இயந்திரம் பத்து நிமிடத்தில் முடித்தது. வேலை குறைந்து, குறைந்து, ஒரு நாள் இல்லாமலே போயிற்று. மகன் தலையெடுத்ததால் அடுப்பு எரிந்தது. ஆனால் அண்ணாச்சியின் கை சும்மா கிடந்தது.

வயலும் போயிற்று. அடமானத்தை மீட்டதென்னவோ உண்மைதான். தாயார் அதைத் தம்பி பேருக்கு எழுதி வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். 2013-ல் தம்பி அதை விற்றார். "என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை" என்பது அண்ணன் கட்சி. "பம்பாயிலிருந்து ஒரு மூட்டை உரத்துக்காவது பணம் வந்ததா?" என்பது தம்பி கட்சி. அத்துடன் பேச்சு நின்றது.

நடைபாதையில் கிடைத்த படம்

2022-ல் ஒரு நாள், பழைய புத்தகங்கள் விற்கும் புளோரா பவுண்டன் நடைபாதையில் அண்ணாச்சி ஓர் ஓவியப் புத்தகத்தைப் புரட்டினார். அதில் இருந்தது இந்தப் படம்.

"எங்க வண்டி வாய்க்காலுக்குள்ள நிக்கிற மாதிரியே இருந்துச்சு. மாட்டுக்குப் பதிலா குதிரை. அம்புட்டுதான் வித்தியாசம்" என்கிறார்.

அறுவடைக் காலத்தில் அவர் வீட்டு வண்டியும் வாய்க்காலைக் கடந்துதான் வயலுக்குப் போகும். அந்தக் காட்சியை வரைய வேண்டும் என்ற ஆசை அன்று முளைத்தது. வயலுக்குப் போட்டோ கிடையாது. மனசில் மட்டும்தான் இருக்கிறது. அதைத் துணியில் இறக்குவதற்குத் தைல வண்ணம் பழக வேண்டுமே! அதற்கு முதலில் இந்த வண்டியை நகல் எடுப்பது என்று முடிவு செய்தார்.

அசல் ஓவியம் ஏறத்தாழ 4 அடி 3 அங்குல உயரம், 6 அடி 1 அங்குல அகலம். அண்ணாச்சி வீட்டில் வைத்தால் ஒரு சுவரில் பாதி போய்விடும். எனவே அதே விகிதத்தில் 21 அங்குல உயரம், 30 அங்குல அகலத்தில் கான்வாஸ் அடித்தார். கட்டம் போட்டார். பேனர் கடையில் கற்ற வித்தை கைகொடுத்தது. இரண்டே நாளில் வண்டி, வீடு, மரம் எல்லாம் அதனதன் இடத்தில் வந்து உட்கார்ந்தன.

வண்ணம் பூசத் தொடங்கியதும்தான் வந்தது வினை.

போர்டு எழுதுகிறவர் கோட்டை இழுப்பார். உள்ளே வண்ணத்தை நிரப்புவார். தூரத்திலிருந்து பளிச்சென்று தெரிய வேண்டும். அதுதான் தொழில். அண்ணாச்சி மரத்தையும் அப்படியே நிரப்பினார். டியூபிலிருந்து பச்சையைப் பிதுக்கினார், பூசினார். மூன்று மாதம் பாடுபட்டு முடித்த படத்தை வீட்டம்மாள் ஏறிட்டுப் பார்த்தார்.

"ஏங்க, ரேஷன் கடைக் கதவுக்குப் பச்சை அடிச்ச மாதிரில்லா இருக்கு!"

கண்ணைச் சுருக்கிப் பார்!

அண்ணாச்சிக்குக் கோபம் வரவில்லை. சொன்னது சரிதான் என்று அவருக்கே தெரிந்தது. சயானில் வசிக்கும் ஓய்வுபெற்ற மராத்தி டிராயிங் மாஸ்டர் ஒருவரிடம் படத்தைத் தூக்கிக்கொண்டு போனார். பல ஆண்டுகளுக்கு முன் அவர் வீட்டுப் பெயர்ப்பலகையை எழுதிக் கொடுத்த பழக்கம்.

மாஸ்டர் படத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணா, இதில் எழுத்து மட்டும்தான் குறைச்சல்" என்றாராம். பிறகு புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்தார். "இப்போது கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். வண்டி, வீடு, மரம் எல்லாவற்றையும் மறந்துவிடுங்கள். எங்கே இருட்டு, எங்கே வெளிச்சம்? அதை மட்டும் சொல்லுங்கள்."

அதுதான் முதல் பாடம். இரண்டாவது நகலில் அண்ணாச்சி ஒரு மாதம் வரையில் வேறு வண்ணத்தைத் தொடவில்லை. வெள்ளைக் கான்வாஸுக்கு முதலில் மங்கலான செம்பழுப்பு பூசினார். கான்ஸ்டபிளும் இத்தகைய செம்பழுப்பு நிறத் தளத்தின்மேல் வரைந்தவர்தாம். பிறகு பழுப்பு வண்ணத்தை டர்பன்டைனில் கரைத்து, நிழலையும் வெளிச்சத்தையும் மட்டும் போட்டார். கோடு என்பதே கிடையாது. ஒரு நிறம் நின்று இன்னொரு நிறம் தொடங்கும் இடமே கோடு.

மூன்றாவது பாடம் எண்ணெயைப் பற்றியது. தைல வண்ணம் தண்ணீர்போல் ஆவியாகிக் காய்வதில்லை. அதிலுள்ள ஆளி விதை எண்ணெய் காற்றிலிருக்கும் பிராணவாயுவை வாங்கி இறுகுகிறது. எனவே அடியில் பூசும் வண்ணத்தில் எண்ணெய் குறைவாகவும், மேலே போகப் போக அதிகமாகவும் இருக்க வேண்டும். மாறினால், மேல்தோல் முதலில் இறுகிவிடும். அடி பின்னால் காயும்போது படத்தில் வெடிப்பு விழும். பழுப்பு வண்ணம் சீக்கிரம் காயும், வெள்ளை மெதுவாகத்தான் காயும். மும்பையின் மழைக்காலத்திலோ எல்லாமே தாமதம்.

இனாமல் பெயிண்டில் பழகிய அண்ணாச்சிக்கு இந்தப் பொறுமை எளிதில் வரவில்லை. வானம் காய்வதற்கு முன்பே அதன்மேல் மரக்கிளையை இழுத்து, வானமும் கிளையும் ஒன்றாய்க் குழம்பியது பல தடவை. கத்தியால் சுரண்டிவிட்டு மறுபடியும் பூசினார்.

எண்ணெய்த் துணியை அறையில் சுருட்டிப் போடக் கூடாது என்றும் மாஸ்டர் கண்டித்துச் சொன்னார். ஆளி விதை எண்ணெய் ஊறிய கந்தல் குவிந்து கிடந்தால், சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும். தாராவியில் ஒரு வீடு பற்றினால் ஒரு வீட்டோடு நிற்குமா? அன்றிலிருந்து கந்தலெல்லாம் தண்ணீர் வாளிக்குள் போகிறது.

பச்சை ஒன்றல்ல

ஒரு செவ்வாய்க்கிழமை மாஸ்டர் அவரைச் சத்திரபதி சிவாஜி மகாராஜ் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனார். டாட்டா குடும்பத்தார் வழங்கிய ஐரோப்பியத் தைல ஓவியங்கள் அங்கே இருக்கின்றன. "முன்னால் நிற்காதீர்கள், பக்கவாட்டில் நின்று பாருங்கள்" என்றார். அப்போதுதான் அண்ணாச்சிக்குப் புரிந்தது. வெளிச்சம் விழும் இடத்தில் வண்ணம் தடிப்பாக மேடுகட்டி நிற்கிறது. நிழலில் மெல்லிசாகப் படிந்து கிடக்கிறது. அச்சுப் படத்தில் இந்த மேடுபள்ளம் தெரியாது.

கான்ஸ்டபிள் இலைமீதும் தண்ணீர்மீதும் வெள்ளை வண்ணத்தைச் சின்னச் சின்னப் பொட்டுகளாகத் தெறிக்க விடுவார். "கான்ஸ்டபிளின் பனி" என்று அந்தக் காலத்தவர் கேலி செய்தார்கள். அந்தப் பொட்டுதான் இலையை ஈரமாகக் காட்டுகிறது. பிரெஞ்சு ஓவியர் டெலக்ரோவா கான்ஸ்டபிளின் புல்வெளிகளின் பச்சையை வியந்திருக்கிறார். ஒரே பச்சையைப் பூசாமல் பல பச்சைகளை அடுத்தடுத்து வைத்ததால்தான் அதற்கு உயிர் வந்தது என்பது அவர் கருத்து.

அண்ணாச்சி பச்சை டியூபை மூடி வைத்தார். நீலத்தையும் மஞ்சளையும் கலந்து பச்சை செய்தார். காவி சேர்த்தால் காய்ந்த பச்சை. துளிச் சிவப்பு சேர்த்தால் நிழல் பச்சை. வெள்ளை சேர்த்தால் தூரத்துப் பச்சை. ஒரு பழைய பலகையில் இப்படி 32 பச்சைகளைக் கட்டம் கட்டிப் பூசி மாட்டியிருக்கிறார். குதிரையின் சேணத்தில் மட்டும் அசலில் இருப்பதுபோல் சுத்தமான சிவப்பை வைத்தார். அந்தச் சின்னச் சிவப்பு வந்ததும் சுற்றியிருந்த பச்சையெல்லாம் குளிர்ந்து நின்றது!

2023 தீபாவளிக்கு இரண்டாவது நகல் முடிந்தது. இப்போது சுவரில் இருப்பது அதுதான்.

நகல் எடுப்பது திருட்டா?

"பார்த்துப் போடுறதுல என்ன பெருமை?" என்று கேட்டவர்களும் உண்டு.

அந்தக் கான்ஸ்டபிளே நகல் எடுத்துப் பழகியவர்தாம். 1795-ல், அவருக்கு 19 வயதாக இருந்தபோது, சர் ஜார்ஜ் போமாண்ட் என்ற பிரபு தம்மிடமிருந்த கிளாட் லொரெய்ன் என்பவரின் இயற்கைக் காட்சி ஓவியத்தைக் காட்டினார். இளைஞர் அதைப் பார்த்துப் பார்த்து வரைந்தார். அந்த ஓவியம் இன்று லண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் இருக்கிறது. "வைக்கோல் வண்டி"யும் 1886 முதல் அதே கூடத்தில்தான் இருக்கிறது. நம் நாட்டு ரவிவர்மாவும் திருவனந்தபுரம் அரண்மனையில் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் தீட்டுவதைப் பார்த்துத்தான் தைல வண்ணத்தின் நுட்பத்தை அறிந்தார்.

ஆனால் கான்ஸ்டபிள் நகலோடு நிற்கவில்லை. பிறர் ஓவியங்களின் பின்னால் ஓடியது போதும், இனி நேரே இயற்கையைப் பார்ப்பேன் என்ற பொருளில் 1802-ல் ஊர் நண்பருக்குக் கடிதம் எழுதினார். வானத்தைத் தனியாகப் பார்த்துப் பார்த்து வரைந்தார். பலவற்றின் பின்னால் தேதி, நேரம், காற்றின் போக்கு ஆகியவற்றைக் குறித்து வைப்பார். அதற்குப் பிறகும் நகலெடுப்பதை அவர் இழிவாக நினைக்கவில்லை. 47 வயதில், பெயரெடுத்த ஓவியராக இருந்தபோதும், போமாண்டின் மாளிகையில் தங்கி மறுபடி கிளாடின் படங்களை நகலெடுத்தார்.

இதைக் கேட்ட அண்ணாச்சி, 2024 ஜூன் மாதம் சயான் கோட்டைமேட்டில் போய் உட்கார்ந்தார். கையில் அட்டையும் நாலைந்து டியூபும். மழை மேகத்தைப் பார்த்து வரைந்து, அட்டையின் பின்னால் தேதியும் நேரமும் எழுதினார். ஐம்பது ஆண்டுகளாகத் தலைக்கு மேலே இருந்த மும்பை வானத்தை அன்றைக்குத்தான் பார்த்ததாகச் சொல்கிறார்.

"எத்தனை ஆரக்கால்?"

அடுத்தது சொந்தப் படம். வாய்க்கால் வந்தது. கரையில் பனைமரம் வந்தது. ஐப்பசி மாத வானமும் வந்தது. வண்டிதான் வரவில்லை. சக்கரத்துக்கு எட்டு ஆரக்கால் போட்டுப் பார்த்தார், ஒட்டவில்லை. பத்து போட்டார், அதுவும் சரியில்லை. நுகத்தடியில் பூட்டாங்கயிறு எங்கே சுற்றும்? வண்டி தண்ணீரில் இறங்கினால் குடம் முங்குமா, முங்காதா? சிறு வயதில் வண்டியில் உட்கார்ந்து போனவர் அண்ணன். வண்டியை ஓட்டியவர் தம்பி.

இந்த இடத்தில் கான்ஸ்டபிள் கதை ஒன்றை மாஸ்டர் சொன்னார். கான்ஸ்டபிளின் தந்தை ஆற்றோரம் மாவு ஆலை வைத்திருந்தவர். படத்தில் இருப்பது அந்த ஆலைக்குப் பக்கத்துத் தண்ணீர்தான். ஆனால் அவர் படத்தைத் தீட்டியது ஊரில் இல்லை, லண்டன் நகரத்து வீட்டில்! கையில் இருந்தவை பழைய குறிப்புப் படங்கள். வண்டியின் அமைப்பு மட்டும் சரியாகத் தெரியவில்லை. ஊரில் ஆலையைக் கவனித்து வந்த தம்பி ஆப்ரஹாமுக்குச் சொல்லியனுப்பினார். தம்பி, ஊர்ப் பையன் ஒருவனை வண்டியைப் பார்த்து வரையச் சொல்லி, அந்தப் படத்தை லண்டனுக்கு அனுப்பி வைத்தார்.

அண்ணாச்சி அன்று வீட்டுக்கு வந்து வெகுநேரம் பேசாமல் இருந்தார் என்கிறார் வீட்டம்மாள். இரவு ஒன்பது மணிக்குக் கைப்பேசியை எடுத்தார். பதினோரு ஆண்டுகளுக்குப் பிறகு தம்பியிடம் அவர் பேசிய முதல் வார்த்தை இதுதான்:

"தம்பி, நம்ம வண்டிச் சக்கரத்துக்கு எத்தனை ஆரக்கால்?"

அந்தப் பக்கம் சிறிது நேரம் சத்தமே இல்லை. பிறகு பதில் வந்தது.

"பன்னெண்டு. எதுக்குண்ணே?"

இரண்டு நாள் கழித்துக் கைப்பேசியில் இரண்டு படங்கள் வந்தன. ஒன்று, நோட்டுத் தாளில் தம்பி பென்சிலால் போட்ட வண்டி. வட்டை, ஆரக்கால், குடம், கடையாணி, நுகத்தடி எல்லாவற்றுக்கும் அம்புக்குறி போட்டுப் பெயர் எழுதியிருந்தார். இன்னொன்று, வயல் இருந்த இடம். வரிசையாக மனைக் கற்கள். நடுவில் சிமெண்டுச் சாலை.

கூடவே குரலில் ஒரு செய்தி: "அம்மாவ வரைஞ்சா, தலையில சும்மாடு வச்சு, அதுமேல கஞ்சிக் கலயத்த வைங்கண்ணே. இடுப்புல வைக்க மாட்டா."

அண்ணாச்சி தாயாரை இடுப்பில் கலயத்தோடுதான் வரைந்து வைத்திருந்தார். அதை அழித்துவிட்டுத் தலைக்கு மாற்றினார்.

மறையாத வண்ணம்

"வைக்கோல் வண்டி" படத்தில் ஓர் அதிசயம் உண்டு. முன்கரையில், நாய்க்கு அருகே, கான்ஸ்டபிள் முதலில் குதிரைமீது ஒருவனை வரையத் திட்டமிட்டார். பிறகு அவனுக்குப் பதில் ஒரு பீப்பாயை வைத்தார். அதையும் வேண்டாமென்று வண்ணம் பூசி மறைத்துவிட்டார். தைல வண்ணம் வயதாக ஆகக் கண்ணாடிபோல் தெளியும். இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு, மறைத்தது மங்கலாக வெளியே தெரிகிறது.

"பூசி மறைச்சா போயிரும்னு நெனைக்கோம். போவாது போல" என்று சிரிக்கிறார் அண்ணாச்சி.

சொந்தப் படம் இப்போது முடிந்துவிட்டது. வாய்க்கால் தண்ணீரில் பன்னிரண்டு ஆரக்கால் சக்கரம். நுகத்தில் இரண்டு காளைகள். ஒன்றின் கழுத்தில் சிவப்புக் கயிறு. வண்டியில் கயிற்றைப் பிடித்து நிற்கும் பன்னிரண்டு வயதுப் பையன், தம்பி. கரையில் சும்மாடும் கலயமுமாகத் தாயார். மனைக் கற்கள் படத்தில் இல்லை. அண்ணனும் படத்தில் இல்லை.

"நாந்தான் வெளியே நின்னு பாக்கேனே!" என்கிறார்.

வீட்டம்மாள் இந்தத் தடவை ரேஷன் கடைக் கதவைப் பற்றிப் பேசவில்லை. படத்தின் முன் நின்றவர், "அத்தை நடந்து வார மாதிரி இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டார். அண்ணாச்சிக்குக் கிடைத்த பரிசு அது.

படம் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்துவிட்டது. உள்ளே நன்றாக இறுகி, மேலே வார்னிஷ் அடிக்க இன்னும் ஆறு மாதமாவது ஆகும். அதுவரை அண்ணாச்சி காத்திருக்கப் போவதில்லை. வருகிற பொங்கலுக்கு அதை ஊருக்குக் கொண்டுபோகிறார். ஒன்றரை நாள் ரயில் பயணம். பார்சலில் போடலாமே என்று மகன் சொன்னான்.

"அதெல்லாம் ஆகாது. மடியில வச்சிக்கிட்டே போவேன்" என்று சொல்லிவிட்டார்.